மாமா நிற்பாட்டாத மோட்டார் சைக்கிள்

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி விற்கும் ஒருவர், போன கிழமை கொழும்பிலிருந்து ஊர்காவற்றுறைக்கு எங்கள் மாமாவின் வண்டியைப் பார்க்க வந்தார். மாமா அதில் இன்னமும் மண்ணெண்ணெய் கலந்துதான் ஓடுகிறார். வந்தவர் உதைத்து ஸ்டார்ட் பண்ணியதும் முற்றமெல்லாம் அந்தப் புகை நிறைந்தது. எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

சண்டையால் எங்கள் தீவுக்குப் பெற்றோல் வராத காலம் அது. போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வேண்டும். நிற்பாட்டினால் மறுபடி பெற்றோல் வேண்டுமே என்று மாமா எங்கேயும் நிற்பாட்டுவதில்லை.

நாரந்தனைக்குப் பெண் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். அங்கேயும் படலையடியில் என்ஜின் இரைய இரைய வண்டியிலேயே இருந்தார். பெண்ணின் தகப்பன் கேட்டது எதுவும் அவருக்கு விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றார்.

“தம்பி, சாராயம் குடிப்பீரோ?”

“ஓம், ஓம்.”

தகப்பன் முகம் கறுத்துப் படலையைச் சாத்தப் போனார். அப்போதுதான் பெண்ணே வெளியில் வந்து, “அதை நிற்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ” என்று கத்தினா.

மாமா அவவைப் பார்த்தார். வெறுமையாகிவிட்ட பெற்றோல் போத்தலைப் பார்த்தார். நிற்பாட்டினார்.

திரும்பி வரும்போது வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளினோம். எனக்குக் கால் உளைந்தது. மாமா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

கொழும்புக்காரர் என்ன விலை என்று கேட்க, குசினிக்குள்ளிருந்து மாமி வந்தா.

“இது விக்கிறதுக்கில்லை, தம்பி. கொட்டிலுக்கை பழுதான தண்ணி இறைப்பு மிசின் ஒண்டு கிடக்கு. அதைக் கொண்டு போங்கோ.”