நட்டுவிட்டுப் போன முப்பது பேர்

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, எங்கள் பள்ளியின் அறிவியல் டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நம் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது.

"டீச்சர், உங்க தோப்புல பெர்மாகல்ச்சர் பயிற்சி நடத்துனீங்களாமே... எங்க நெலத்தையும் குடுக்கலாமான்னு வூட்டுல பேசிக்கிட்டு இருக்குறோம். எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு நாளும் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்'தான் விஷயமே. அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். அவர் நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்தான். படிக்காவிட்டாலும் யாராவது கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள் — விருத்தாசலம் ஒன்றும் அவ்வளவு பெரிய ஊரில்லை.

கருவேப்பிலங்குறிச்சி போகிற வழியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். பாதியில் பழைய முந்திரி, ஏழெட்டு மாமரம். மீதி வெறும் செம்மண். என் வீட்டுக்காரர் பேங்க் வேலையில் தர்மபுரிக்கு மாற்றலாகிப் போனவர். எப்போதாவது லீவு கிடைத்தால் வருவார். இங்கேயே இருந்த பதினைந்து வருஷத்தில் வராத விவசாய ஆசை, தர்மபுரி போனதும் அவருக்கு வந்துவிட்டது. ஏதோ ஒரு கூட்டத்தில் இந்த பெர்மாகல்ச்சரை — காடு மாதிரி தானே நிலைத்து நிற்கிற தோட்டம் போடுவதை — சொல்லித்தருகிற ஒரு பயிற்சியாளரைச் சந்தித்திருக்கிறார். நம் தோப்பிலேயே பயிற்சி நடத்திக்கொள்ளுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டார். எனக்குத் தகவல் போனில் வந்தது.

"முப்பது பேரு வருவாங்க. நீ சாப்பாடு மட்டும் பாத்துக்கிட்டா போதும்."

சாப்பாடு *மட்டும்*!

பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம் வந்தார்கள். சென்னையிலிருந்து, புதுச்சேரியிலிருந்து, இரண்டு சுமோவிலும் பஸ்ஸிலுமாக. பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள். தலையில் தொப்பி, காலில் ஷூ, முகத்தில் வெயிலைப் பார்த்த சந்தோஷம். குறை சொல்லவில்லை. நிஜமாகவே நல்ல பிள்ளைகள். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவி வைத்தார்கள்.

பயிற்சியாளரும் விஷயம் தெரிந்தவர்தான். மூன்று கழியை ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி கட்டி, நடுவில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, நிலத்தின் மட்டம் பார்த்தார். மழைத்தண்ணீர் ஓடிப்போகாமல் நின்று இறங்குகிற மாதிரி குறுக்கே வாய்க்கால் வெட்டச் சொன்னார். அறுபது குழி எடுத்து சீத்தா, மாதுளை, கொய்யா, எலுமிச்சை, நெல்லி என்று கன்றுகள் நட்டார்கள். சுற்றிலும் சருகையும் வைக்கோலையும் கனமாகப் பரப்பி மூடாக்கு போட்டார்கள். நான் பெரும்பாலும் அடுப்படியில் இருந்தேன். சமையல்காரர் சாம்பாரில் புளியைக் கொட்டிவிடாமல் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

இரண்டாம் நாள் சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மனதில் தோன்றுகிற ஒரே ஒரு வார்த்தையை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். "நம்பிக்கை" என்றார் ஒருவர். "வேர்" என்றார் இன்னொருவர். "அமைதி", "பசுமை", "மண்"...

கடைசியில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலின், அதாவது சர்ச்சின், மகளிர் குழுவிலிருந்து அனுப்பி வைத்திருந்தார்கள். பெயர் அமலோற்பவம். பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவி எடுக்கிற வேலை.

அவர் "தண்ணி" என்றார்.

பயிற்சியாளர் கண்ணை மூடி ஆழமாகத் தலையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மா தத்துவம் எதுவும் சொல்லவில்லை, நாளைக்கு இதற்கெல்லாம் யார் தண்ணீர் ஊற்றுவது என்றுதான் கேட்டார் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. ஏனென்றால் எனக்கும் அதே கவலைதான்.

மறுநாள் வந்தது. சுமோக்கள் போய்விட்டன. வீட்டுக்காரர் தர்மபுரி பஸ் ஏறிவிட்டார். தோப்பில் அறுபது கன்றும் நானும்.

நடுவதற்கு ஆள் கிடைக்கிறார்கள் டீச்சர். பாட்டுப் பாடிக்கொண்டு நடுவதற்குக்கூட ஆள் கிடைக்கிறார்கள். மறுநாளைக்குத்தான் யாரும் கிடைப்பதில்லை. இது மரத்துக்கு மட்டுமா... கல்யாணத்துக்கு, குழந்தைக்கு, எதிர் வீட்டில் ஆசையாக வாங்கிக் கட்டிய நாய்க்குட்டிக்கு — எல்லாவற்றுக்கும்தான்.

ஸ்கூல் விட்டு, ஸ்கூட்டியில் தோப்புக்குப் போய், மோட்டாரைப் போட்டு ஹோஸ் பிடித்தால் வீடு திரும்ப ஏழு மணியாகும். மார்ச் வரை அப்படி ஓடியது. மின்வெட்டு நாளில் அதுவும் கிடையாது. ஏப்ரலில் மோட்டார் காயில் எரிந்துபோனது. இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று மெக்கானிக் மூன்று வாரம் இழுத்தார். பக்கத்து நிலத்துத் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு சுமந்தேன். பதினெட்டு நடைக்கு மேல் என் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. கணக்கு டீச்சர் என்பதால் நடைகளை எண்ணிவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு.

காய்ந்தால் காயட்டும் என்று விட்டுவிடலாமா? ஒருநாள் வாளியைப் போட்டுவிட்டு அப்படித்தான் நின்றேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அமலோற்பவம் வந்து நின்றார்.

"பூசை முடிஞ்சிது. அப்படியே பஸ்ஸு ஏறிட்டங்க" என்றார். சேலையைச் சொருகிக்கொண்டு வாளியை எடுத்தார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறு ஒரு சாக்கு மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். உள்ளே சின்னச் சின்ன ஜாடிகள். வாய் கோணலானது, விளிம்பு உடைந்தது.

"ரிஜெக்ட்டுங்க டீச்சர். மொதலாளிகிட்ட கேட்டுட்டுதான் எடுத்தாந்தன். மொத சூடு மட்டும் போட்டது, பளபளப்பு ஏத்தல. அதனால தண்ணி கசியும். செடி பக்கத்துல பொதச்சி ரொப்பி வுட்டா, மூணு நாளைக்கு மெல்ல மெல்ல எறங்கும்."

இறங்கியது. தினமும் ஊற்ற வேண்டிய கன்றுக்கு வாரம் இரண்டு முறை போதும் என்றானது. நாலு ஞாயிறில் நாலு சாக்கு. மற்ற இருபத்தொன்பது பேரும் பயிற்சியாளரும் சேர்ந்து யோசிக்காததை, பொம்மையின் பிசிறு சீவுகிற ஒருவர் யோசித்துவிட்டார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன் — எனக்குச் சந்தேகம்தான் வந்தது. எதற்காக வருகிறார்? ஏதோ கேட்கப் போகிறார். பெண்ணுக்குப் பள்ளியில் சீட்டா? கைமாற்றா? ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் 'இதோ வருகிறது' என்று காத்திருந்தேன். "கொய்யா துளிர் வுட்டுருக்குதுங்க" என்பார். அவ்வளவுதான்.

கேட்காதவர்கள் நம்மை எவ்வளவு தொந்தரவு செய்துவிடுகிறார்கள்! மே மாதத்தில் ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினேன்.

"இவ்ளோ நாளா வர்றீங்க. ஒரு நாள் கூலியாவது வெச்சுக்குங்க. எனக்கும் மனசு கேக்கல."

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேணாங்க டீச்சர்."

குரலில் கோபமில்லை. பாதியில் விட்டிருந்த வரிசைக்கு ஊற்றி முடித்தார். காலைக் கழுவிக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

முதலில் எனக்குத் தோன்றிய எண்ணத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. 'கொடுத்தது குறைச்சலாக இருந்திருக்குமோ?' இத்தனை வருஷம் இந்தப் பத்தியில் உங்களுக்கெல்லாம் நல்லது கெட்டது சொல்லிக்கொண்டிருக்கிறேனே... அந்த ஆள்தான் நான்.

மூன்றாவது ஞாயிறு நானே தேடிப் போனேன். பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. எட்டு வாசல், எட்டு வாசலுக்கும் ஒரே குழாய். தரை முழுக்க சிமெண்ட். ஒரு புல் முளைக்கக்கூட இடம் கிடையாது. அவர் வீட்டுக்காரர் லாரியில் போயிருந்தார். அமலோற்பவம் அடுத்த வீட்டிலிருந்து எனக்காக ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கி வந்து போட்டார். அவர் படியில் உட்கார்ந்தார். கை ரேகையெல்லாம் வெள்ளையாக இருந்தது. எத்தனை முறை கழுவினாலும் அந்த மாவு போகாது போலிருக்கிறது.

"என்மேல கோவமா?" என்றேன்.

"கோவம்லாம் இல்லீங்க" என்றார். "வேலைக்குத்தான் ஆறு நாளு போறன். ஏழாவது நாளும் கூலின்னு ஆயிட்டா, அதுவும் வேலதான?"

"அப்போ எதுக்கு வந்தீங்க? நான் தெரியாமதான் கேக்கறேன்."

"அந்த சாரு ஆளுக்கு ரெண்டு குழி பிரிச்சிக் குடுத்தாரு. இது ஒங்க மரம், ஒங்க மரம்னாரு. எனக்கும் ரெண்டு குடுத்தாரு."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார்.

"எடம் ஒங்களதுன்னு தெரியுங்க. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாருன்னும் தெரியும். ஆனாலும் சொன்னாருல்ல... வெயிலு ஏற ஏற என்னா ஆச்சோன்னு இருந்திச்சி. வந்து பாத்தா யாரு குழிக்கும் யாரும் வர்ல. அதான் அதுங்களுக்கும் சேத்து ஊத்துனன்."

நான் அடுப்படியில் புளி அளந்துகொண்டிருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்திருக்கிறது. முப்பது பேரிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். ஒருவர்தான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் — ஒரு பிடி மண் இல்லாதவர்.

"எது உங்க ரெண்டு?"

"கெழக்கால ஓரத்துல ஒரு மாதுள, ஒரு சீத்தா."

கிழக்கு ஓரத்து மாதுளை மோட்டார் எரிவதற்கு முன்னாலேயே செத்துவிட்டது. கரையான் தின்ற அந்தக் குச்சியைப் பிடுங்கிப் போட்டதே நான்தான்.

"மாதுளை..."

"தெரியுங்க. மொத நாளு வந்தப்பவே பாத்தன்."

பார்த்திருக்கிறார். தன்னுடையதில் பாதி போய்விட்டதைப் பார்த்த பிறகுதான் சேலையைச் சொருகிக்கொண்டு மற்றவர்கள் குழிக்கு வாளியைத் தூக்கியிருக்கிறார். நான் அதற்கு நோட்டை நீட்டினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியாக வரவில்லை. முப்பது வருஷமாகப் பிள்ளைகளைக் கேட்க வைத்தே பழகிவிட்டது. "தப்பு என்னுதுதான்" என்று எப்படியோ சொன்னேன். "டீ குடிங்க டீச்சர், ஆறிடும்" என்றார்.

அடுத்த ஞாயிறு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

அறுபதும் பிழைக்கவில்லை. பாதிக்கு மேல் போய்விட்டது. எலுமிச்சையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இருப்பது இருக்கிறது. சீத்தா இடுப்புயரம் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் லீவில் வந்தபோது கேமராவோடு போய்ப் படம் எடுத்துப் பயிற்சியாளருக்கு அனுப்பினார். "பொழைக்க வெச்சுட்டோம் பாத்தியா" என்றார். அந்த 'டோம்' காதில் விழுந்தது. தோசையைத் திருப்பினேன். தோசைக்கல்லில் புகை வந்துகொண்டிருந்தது.

ஆகவே டீச்சர், தாராளமாக நிலத்தைக் கொடுங்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அறுபது குழி வேண்டாம். உங்களால் எத்தனைக்குத் தண்ணீர் சுமக்க முடியுமோ அத்தனை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். வாளியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு எண்ணிக்கை சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. வாய்க்கால் நிறைந்து நின்றது. பயிற்சியாளர் சொன்னது பொய்யில்லை, ஒரு சொட்டு வெளியே ஓடவில்லை. இன்றைக்கு வேலையில்லை என்று தெரிந்தும் நான் ஏன் போனேன் என்று தெரியவில்லை. பத்தரை மணிக்குக் குடையோடு அமலோற்பவம் வந்தார்.

"மழைதான் ஊத்துதே... இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதாங்க. தண்ணி ஊத்தாம ஒரு நாளாவது அதுங்கள பாக்கலாமேன்னு."

மோட்டார் ஷெட்டு ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஆறு மாதத்தில் நான் அந்தத் தோப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.