பீன்சுக்குப் போத்துன கம்பளி

ஏட்டி, ஒனக்கு வேற சோலியே கிடையாதா? செல்லைப் பாத்தமா சிரிச்சமான்னு இல்லாம, காய்கறிக்கு எதுக்குக் கம்பளின்னு கேக்க வந்துட்டா. சரி, கேட்டுத் தொலை. நடுவுல கொட்டாவி விட்டன்னா நிப்பாட்டிருவேன்.

அப்ப நாங்க மாஞ்சோலைக்கும் மேல, தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுல இருந்தோம். எங்கய்யாவுக்கு ஒரே ஒரு தங்கச்சி, எங்கத்தை. சேரன்மகாதேவியில கெட்டிக் குடுத்திருந்தாவ. வருசா வருசம் பொங்கப்படி நாங்கதான் கொண்டுபோவணும். அரிசி, கரும்பு, காய்கறி எல்லாம். முந்தின வருசம் கொல்லையில இருந்த பீன்சும் தக்காளியும் பனியில கருகிப்போச்சு. எங்கய்யா சந்தையில வாடுன காயா வாங்கிட்டுப் போனாவ. அத்தையோட மாமியாக்காரி அதைத் தெருவுல கொட்டி, மலையில இருந்து வந்த சீரைப் பாருங்கன்னு ஊரையே கூப்பிட்டுக் காட்டுனாளாம். அத்தை அந்தப் பொங்கலுக்குச் சோறே திங்கல.

எங்கம்மைக்கும் அத்தைக்கும் ஆகவே ஆகாது. அத்தை வந்தா எங்க வீட்டுக் கொழம்புல தானா உப்பு கூடிரும். அப்படிப்பட்ட எங்கம்மை, அடுத்த மார்கழி பொறந்ததும் தோட்டத்துல குடுத்த புதுக் கம்பளியெல்லாம் அள்ளிட்டுக் கொல்லைக்குப் போயிட்டா. பொழுதடையவும் வேருக்குத் தண்ணி விட்டு, கொடி மேல போத்திட்டு வந்தா. விடிஞ்சு பாத்தா, கம்பளி தொட்ட எலையெல்லாம் கருப்பு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. முதுகுல ஒண்ணு வச்சா. பொறவு கொய்யாக் கம்பை ஊணி, எலையில படாம கூடாரம் மாதிரி விரிச்சா. வெயில் ஏறவும் எடுத்துருவா, இல்லன்னா கொடி புழுங்கிரும்லா.

எங்கய்யா சாக்கைப் போத்திக்கிட்டு வேலைக்குப் போவாவ. கம்பளி எங்கவேன்னு கங்காணி கேட்டா, தொவைச்சுப் போட்டிருக்குன்னுவாவ. தெனமுமா தொவைப்பாவ? வீட்டுக்கு வந்து, "எனக்குச் சளி பிடிச்சாப் பரவாயில்ல, ஒன் பீன்சுக்குப் பிடிச்சிரக் கூடாது, என்னா"ன்னு அம்மையக் காய்ச்சுவாவ. அவ அதுக்குள்ள கம்பளிய அள்ளிட்டுக் கொல்லைக்குப் போயிருவா. ஒருநா கோவத்துல ஒரு கம்பளிய உருவிட்டு வந்துட்டாவ. அம்மை பைய எந்திரிச்சுப் போயி, தன் கலியாணச் சேலையை எடுத்து அந்த எடத்துல விரிச்சா. மறுநா எங்கய்யாவே கம்பளியக் கொண்டுபோயி வச்சிட்டாவ.

அந்தப் பொங்கலுக்கு ரெண்டு கூடை காய். எங்கய்யா பஸ்ஸுல மடியில வச்சே கொண்டுபோனாவ. மாமியாக்காரி ஒரு பீன்சை ஒடிச்சுப் பாத்தாளாம், சடக்குன்னு ஒடிஞ்சிச்சாம். அத்தை தெரு பூராவும் கிள்ளிக் கிள்ளிக் குடுத்தாளாம்.

சேதி கேட்டு லயன்ல உள்ள பொம்பளையெல்லாம் வாசல்ல கூடிட்டாவ. எங்கம்மை தான் செஞ்சதை இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு நான் நெஞ்சை நிமுத்திக்கிட்டு நிக்கேன். கள்ளி, மூஞ்சிய அப்பாவி மாதிரி வச்சுக்கிட்டு பொய்யா அவுத்து விடுதா. எங்கய்யா பக்கத்துல தலையக் குனிஞ்சு நிக்காவ. இவளுக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்குன்னு எனக்கு அழுகையே வந்துட்டு.

அவ சொன்னது இதுதான்: "நான் என்னத்தளா செஞ்சேன்? அவியளுக்குத் தங்கச்சின்னா உசுரு. நான் சாக்கைப் போத்திக்கிடுதேன், நீ கம்பளியக் கொடிக்குப் போத்துன்னு அவியதான் சொன்னாவ."