அலமாரி ஏற்றிய லாரி

பிள்ளைகளா, நாம் யோங் பெங்கிலிருந்து தம்போய்க்கு வீடு மாறிய அன்று, லாரியில் அலமாரியைக் கட்டக் கயிறு எட்டவில்லை. உங்கள் மாமா இன்னொரு கயிற்றை எடுத்து, இரண்டு நுனிகளையும் சும்மா முறுக்கிவிட்டு, "போதும் லா மச்சான், கிளம்பலாம்" என்றார். நான் இழுத்ததும் கயிறு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"விழுந்தா விழட்டும், பழைய அலமாரிதானே!" என்றார் அவர்.

எனக்கு வந்ததே கோபம்! "பின்னால மோட்டார் சைக்கிள்ல பிள்ளையோட வர்றவங்க தலையிலயா விழணும்?" என்று கத்தினேன்.

கயிறுகளின் நுனிகளை எதிரெதிராக, பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொரு நுனியையும் மற்ற கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இரண்டு பக்கமும் இழுத்ததும் முடிச்சுகள் நகர்ந்து, ஒன்றோடொன்று முட்டி இறுகிக்கொண்டன. இவ்வளவுதான் வேலை! இதற்கா அவருக்குச் சோம்பல்?

"மச்சானுக்கு ரொம்ப பயம்" என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆமாம், பயம்தான். நம் சாமான் விழுந்து யாருக்காவது அடிபட்டால், எந்த முகத்தோடு அவர்கள் முன்னால் போய் நிற்பது?