விருந்தாளிக்கு வைத்த வாஷ்பேசின்

எழுபதுகளின் நடுவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு வாஷ்பேசின் வைத்தோம். வைத்தோமே தவிர, அதில் யாரும் கை கழுவக் கூடாது. அது விருந்தாளிகளுக்கு. நாங்கள் வழக்கம்போலக் கொல்லையில் வாழைமரத்தடியில்தான் கழுவினோம். நல்ல தண்ணீரை ஓட்டைக்குள் விட விவசாயிக்கு மனசு வருமா? பேசின்மேல் என் மனைவி பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்திருந்தாள்.

அந்தக் கோடையில் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. பிடித்திருந்தால்தான் நம் வீட்டில் சாப்பிடுவார்கள். இல்லாவிட்டால் கை நனைக்காமல் கிளம்பிவிடுவார்கள். வருவதற்கு முந்தின நாள் காலை, இலை போட வேண்டிய அதே அறையில் குடலைப் புரட்டும் நாற்றம்.

"ஏனுங்க, எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா பாருங்க" என்றாள் மனைவி.

எனக்கு எலி போதவில்லை. இந்த நாற்றத்துக்கு உடும்பாவது வேண்டும். நெல் மூட்டைகளைப் புரட்டினேன். கூரையேறி ஓட்டைப் பிரித்ததில் பத்து ஓடு உடைந்தது. உடும்பு அகப்படவில்லை. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதையும், மகள் எங்கள் வீட்டிலேயே நரைத்துப்போவதையும் மனதுக்குள் பார்த்து முடித்துவிட்டேன். தரையைத் தோண்டக் கடப்பாரையோடு வந்தபோது மகள் சொன்னாள்:

"அப்பா, நாத்தங்கூட இருந்துட்டுப் போவுதுங்க. அவங்க வர்றப்ப ஊடு இருக்கோணுமுங்க."

பேசின் பொருத்திய குழாய்க்காரரை மனைவி கூப்பிட்டனுப்பினாள். வந்தவர் துணியை விலக்கி மோந்து பார்த்தார்.

"இதைக் கடைசியா எப்பங்ணா பொழங்குனீங்க?"

"பொழங்கறதே இல்லப்பா. புதுசாவே வெச்சிருக்கறோம்" என்றேன் பெருமையாக.

 அவர் ஒரு செம்புத் தண்ணீரைப் பேசினில் ஊற்றிவிட்டு, அடியில் தொட்டில்போல் வளைந்திருந்த குழாயைத் தட்டிக் காட்டினார்.

"இந்த வளைவுல எப்பவும் தண்ணி நிக்கோணுமுங்ணா. அதுதான் கதவு. அந்தப்பக்கம் செப்டிக் டேங்க், இந்தப்பக்கம் உங்க மூக்கு. நீங்க தண்ணியே விடாம அதைக் காயப் போட்டுட்டீங்க."

"ஒரு செம்புத் தண்ணிதானா?"

"ஆசையா இருந்தா கடப்பாரையும் போட்டுக்கலாமுங்க."

ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். சாயங்காலத்துக்குள் நாற்றம் போய்விட்டது.

மறுநாள் வந்தார்கள். பையனும் பெண்ணும் பார்த்துத் தலையாட்டியாயிற்று. பாக்கி, பையனின் அப்பா வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தைதான். அவரோ எழுந்து போய்ப் பேசினுக்குள் தலையை நுழைத்தார்.

"எங்கூட்லயும் ஒண்ணு வெச்சிருக்கறமுங்க. பக்கத்துல போக முடியல. உங்களுது எப்புடிங்க நாறாம இருக்குது?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். பிறந்தது முதல் குழாய் வேலையே பார்த்தவன் மாதிரி, வளைவைத் தட்டிக் காட்டினேன். "தண்ணிதானுங்க கதவு. தெனம் ஒரு செம்பு ஊத்திப் போடோணுமுங்க." கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

அவர் வெகுநேரம் தலையாட்டிவிட்டு, "சரிங்க, எலையப் போடச் சொல்லுங்க" என்றார்.

நன்றாகச் சாப்பிட்டார். எழுந்து பேசினைத் தாண்டி நேரே கொல்லைக்குப் போய், வாழைமரத்தடியில் கை கழுவினார். சம்பந்தம் சரியான இடத்தில்தான் அமைந்திருக்கிறது என்று எனக்கு நிம்மதியாயிற்று. பேசினுக்கு நானே ஒரு செம்பு ஊற்றினேன்.