வெங்காய மிஷினும் பதினோராவது கட்டமும்

அடுத்தவர் கனவை மூன்று கார்பன் காப்பியோடு அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். பிளஸ் டூ கணக்கில் தேறாமல் பள்ளிக்கூடத்தை விட்டேன். டைப்ரைட்டிங் ஹையர் மட்டும் கையில் இருந்ததால், காந்திபுரத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்ட்டிடம் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், சிறுதொழில்காரர்களுக்கு அரசாங்க ஆதரவோடு 'வென்ச்சர் கேப்பிட்டல்' என்று ஒரு நிதி வந்தது. அது கடன் இல்லை. தொழிலில் பங்கு போடும். ஜெயித்தால் லாபத்தில் பங்கு, தோற்றால் அதற்கும் நட்டம். இதை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கி வாய் வலித்தவர் நீங்களும் என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

மஞ்சப்பை

கணபதியில் பட்டறை வைத்திருந்த பழனிச்சாமி அண்ணன், தன் மனைவி சரஸ்வதி அக்காவோடு வந்தார். சின்ன வெங்காயம் உரிக்கிற மிஷின் செய்கிறாராம். அதற்காகவே பம்ப்செட் கம்பெனியில் பார்த்த ஃபிட்டர் வேலையை விட்டிருந்தார். இந்தப் பணம் வராவிட்டால் ஆயுத பூஜையோடு பட்டறையைப் பூட்டிவிட்டுப் பழைய முதலாளியிடமே போய் நிற்கவேண்டும்.

உட்கார்ந்ததும் மஞ்சப்பையிலிருந்து காட்டு நிலத்தின் பத்திரத்தை எடுத்து வைத்தார். "இதெல்லாம் வேண்டாங்க, ஈடே கிடையாது" என்றார் எங்கள் சார். அண்ணன் முகம் மலரும் என்று பார்த்தேன். இருண்டுபோனது. அக்கா பத்திரத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "பத்திரங் கேக்காமப் பணங் குடுக்கறாங்கன்னா, பொறகால வேறென்னத்தையோ கேக்கப் போறாங்கன்னுதானுங்க அர்த்தம்."

'இல்லை'

விண்ணப்பத்தில் பதினோராவது கட்டம்: 'இத்தொழிலில் உள்ள இடர்கள்'. இதுவரை நான் அடித்த எல்லா விண்ணப்பத்திலும் அங்கே 'இல்லை' என்றுதான் இருக்கும். பேங்க்குக்கு எழுதிப் பழகிய கை.

"மிஷின் ஒழுங்கா உரிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டேன். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். அக்காதான் பதில் சொன்னார். இதற்கு முன்னால் நாலு மிஷின் செய்து நாலும் தோற்றதாம். முதல் மிஷினில் போட்டது சட்னியாக வந்ததாம். "அப்ப அதையே எழுதலாமே" என்றேன். சார் என்னை முறைத்தார். அண்ணன் பதறிப்போனார்: "நாலு வாட்டி தோத்தேன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு ஒரு போல்ட்டுக்கு மரை போடக்கூட எவனும் எனக்குக் குடுக்க மாட்டானுங்க அம்மணி."

'இல்லை' என்று அடித்தேன்.

இரவல் பட்டறை

நிதி ஆபீசர் பட்டறையைப் பார்க்க வந்த அன்று, குறிப்பெடுக்க என்னையும் கூட்டிப்போனார் சார். ரிப்போர்ட்டுக்காக முன்பே ஒரு தடவை வந்து பார்த்திருந்த எனக்கே உள்ளே நுழைந்ததும் சந்தேகம், வேறு பட்டறைக்கு வந்துவிட்டோமோ என்று. கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டா இரவல் வாங்குவதுபோல், பக்கத்துப் பட்டறைகளிலிருந்து இரண்டு டிரில்லிங் மிஷினும் ஐந்து ஆளும் வாங்கி நிறுத்தியிருந்தார் அண்ணன். மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம்; ஒரு சொட்டு எண்ணெய் சிந்தாத தரை.

ஆபீசர் சுற்றிப் பார்த்தார். பதினோராவது கட்டத்தைப் படித்தார். ஃபைலை மூடிவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "ஆளும் மிஷினும் நிறைய இருக்கு, இடரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க, அப்ப பேங்க்குக்கே போகலாமே, நாங்க எதுக்கு?"

தார்ப்பாய்

கிளம்புவதற்காக ஆபீசர் ஜீப் கதவையே திறந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்த டிரில்லிங் மிஷின் ரெண்டும் இவருது இல்லைங்க. இவருது மூலையில தார்ப்பாய்க்கு அடியில கிடக்குதுங்க" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஆனால் சரஸ்வதி அக்கா போய்த் தார்ப்பாயை இழுத்துவிட்டார். தோற்ற நாலும் வரிசையாக இருந்தன. பக்கத்தில் இருந்த ஐந்தாவதில், இப்போது செய்கிற மிஷினில், ஒரு படி வெங்காயத்தைக் கொட்டி சுவிட்சைப் போட்டார். பாதி தோல் உரிந்து வந்தது, கால்வாசி வெட்டுப்பட்டு வந்தது, மிச்சம் போனபடியே வந்தது.

ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்று கேட்டார். அதுவரை ஆபீசரிடம் "ஆமாங்க", "சரிங்க" தவிர வாய் திறக்காத அண்ணன், ரப்பர் கெட்டியானது, தண்ணி வேகம் பத்தாதது, ஈர வெங்காயம் வழுக்கியது என்று ஒரு மணி நேரம் பேசினார். அப்புறம் ஆபீசர் 'இல்லை'யைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அண்ணன் சொன்னதையெல்லாம் என்னை எழுதச் சொன்னார். கட்டம் போதாமல் இரண்டு தாள் ஒட்டினேன்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது பங்குப் பணம் வந்தது. அதுவரை என்னிடம் பேசாமலிருந்த அண்ணன் அன்றைக்குப் பொரி பொட்டலத்தோடு ஆபீசுக்கு வந்தார். "நீ சொன்னது நல்லதுக்குத்தான் கண்ணு, ஆனா மிஷின் இரவல் குடுத்தது தெரிஞ்சு ஆபீசர் முன்னால தன் மானம் போச்சுன்னு பக்கத்துப் பட்டறைக்காரன் இப்ப ஒரு ஸ்பேனர்கூட இரவல் தரமாட்டீங்கறான்."

அந்தக் கதை ஊரெல்லாம் பரவியதிலிருந்து, ஒரு தடவைகூடத் தோற்காதவர்களும் எங்கள் ஆபீசுக்கு வந்து, பதினோராவது கட்டத்தில் தங்களுக்கும் நாலு தோல்வி சேர்த்து அடித்துத் தரச் சொல்கிறார்கள்.