தட்டுப் படங்கள் – மறு நகல் கோருதல்

என் அக்கா பவானியின் வீட்டுக்காரர் வைத்திலிங்கம் மாமா கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். பதிவறை என்றால் முடிந்துபோன கோப்புகளைக் கட்டி அடுக்கி வைக்கிற இடம். ஒவ்வொரு கோப்புக்கும் அங்கே ஆயுள் உண்டு. என்றைக்கும் இருக்க வேண்டியதன் மேல் ஆர்.டிஸ் என்று எழுதுவார்கள். ஒரு வருஷத்தில் கிழித்துப் போட வேண்டியதன் மேல் எல்.டிஸ் என்று எழுதுவார்கள். மாமாவுக்கு உலகமே இந்த இரண்டுக்குள் அடங்கும். என்னை எதில் சேர்த்திருந்தார் என்று நான் கேட்டதில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

ஓய்வு பெற்ற நாளில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தார்கள். சால்வையோடு நிறுத்தியிருக்கலாம்.

முதல் நாலு வருஷம் அந்தப் போனை அவர் மதிக்கவில்லை, அக்கா கையில்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் படங்களின் பெயரைப் பார்த்துவிட்டார். நான் சிதம்பரம் மேல வீதியில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். விளக்கம் கேட்க என்னைத்தான் கூப்பிட்டார். நாமே எடுக்கிற படத்துக்கு ஐஎம்ஜி போட்டு, தேதியும் மணியும் போட்டுப் போன் பெயர் வைக்கும். வாட்ஸப்பில் வருகிற படமென்றால் வந்த தேதி, பிறகு டபிள்யூஏ, பிறகு அன்றைய வரிசை எண். படம் எப்போது எடுத்தது என்பது அதற்கு முக்கியமில்லை, நம் போனுக்கு வந்து சேர்ந்த நாள்தான் கணக்கு என்றேன்.

"தபால் முத்திரைடா இது," என்றார். "கடுதாசில என்ன தேதி இருந்தா என்ன, நம்ம ஆபீசுக்கு வந்த தேதிதான். எவனோ வெவரம் தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்."

அன்று பிடித்தது சனி. வெறும் எண்ணாக இருந்தால் போதாது, பொருள் வேண்டும் என்று நாலாயிரத்துச் சொச்சம் படங்களுக்கும் உட்கார்ந்து பெயர் மாற்ற ஆரம்பித்தார். 'சுற்றுலா – வெள்ளிக் கடற்கரை – குடும்பத்துடன் – 3.' 'வடலூர் தைப்பூசம் – கூட்டம் – செருப்பு தேடும் காட்சி.' ஒவ்வொன்றுக்கும் ஆயுளும் குறித்தார். அவருடைய பழைய அதிகாரி ஒருவர் தினமும் காலையில் ரோஜாப் பூ போட்டு வணக்கம் அனுப்புவார். மேலிடத்துக் கடிதம் என்பதால் அத்தனை ரோஜாவும் ஆர்.டிஸ். சூரியன் இருக்கிறவரைக்கும் அவை இருக்கும்.

இனி அக்காவின் படங்களுக்கு வருகிறேன். வீட்டுக்கு அந்த ஒரு போன்தான். அக்காவின் மகன் அருண்பாண்டியன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் கடலூர் முதுநகர்ப் பெண் ஜோதி மேரியைக் கட்டிக்கொண்டான். மாமா கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாததோடு விட்டாரா, ஓர் உத்தரவும் போட்டார். அவன் இந்த வீட்டுக்குப் பேசக் கூடாது, அவன் மூஞ்சியோ அந்தப் பெண் மூஞ்சியோ அவர்களைச் சேர்ந்த வேறு எந்த மூஞ்சியோ இந்தப் போனில் வரக் கூடாது.

பிள்ளையும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன். உத்தரவை எழுத்துக்கு எழுத்து மதித்தான். பேசவில்லை, மூஞ்சி அனுப்பவில்லை. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது தட்டை மட்டும் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினான். ஒரு நாள் சாம்பார், ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு. ஒரு வார்த்தை கூட இருக்காது. அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "சாப்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டு தன் சோற்றைப் போட்டுக்கொள்வாள். மூன்று வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. ஆயிரத்துச் சொச்சம் தட்டுகள்.

மாமாவின் பெயர் சூட்டும் பணி தட்டுகளிடம் வந்து சேர்ந்தது. ஒரே பொருள் பற்றித் திரும்பத் திரும்ப வந்தவை, மேல் நடவடிக்கை தேவையில்லாதவை. இதற்கு ஒரு வருஷ ஆயுள்கூட ஜாஸ்தி என்று முடிவு செய்தார். மாதிரிக்கு ஒரு சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தார். அழித்த படம் குப்பைத் தொட்டியில் ஒரு மாதம் கிடக்கும் என்று முன்பு எப்போதோ நான்தான் சொல்லித் தொலைத்திருந்தேன். அதையும் தேடிப் போய்க் காலி செய்தார். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது.

மறுநாள் அக்கா கடலூரில் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்துவிட்டாள். கையில் ஒரு கட்டைப் பையும் அந்தப் போனும். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களைப் பார்க்காமலே போனை என் முன்னால் வைத்தாள். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. வாட்ஸப்பில் மங்கலாகத் தெரிந்த தட்டைத் தொட்டால், கோப்பு இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்தது.

அருணிடம் எல்லாம் இருக்கும் அக்கா, அனுப்பினது அவன் போனில் தனியாகச் சேர்ந்திருக்கும், இப்பவே கேட்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேக்க வாணாம். அழிச்சவரு கேக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

என் அக்கா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் மாமா சமையலும் இல்லாமல் போனும் இல்லாமல் மூன்று நாள் தாக்குப்பிடித்தார். பக்கத்து வீட்டுப் போனில் என்னைக் கூப்பிட்டு, ஆவணம் முறைப்படிதான் அழிக்கப்பட்டது என்று விளக்கினார். அதை அக்காவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. நாலாம் நாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டையில் இஸ்திரி இல்லை. முப்பது வருஷத்தில் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

போனை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். மகனுக்கு எழுத வேண்டும். என்னவென்று எழுதுவது? முக்கால் மணி நேரம் அடித்தார், அழித்தார். கடைசியில் அனுப்பியது இதுதான்:

'பொருள்: சாப்பாட்டுத் தட்டுப் படங்கள் – மறு நகல் கோருதல் – தொடர்பாக. தங்களால் இதுவரை அனுப்பப்பட்ட படங்கள் இவ்விடத்தில் தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டன. அவற்றை மீண்டும் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. – வை.'

மகனைத் தாங்கள் என்று சொன்ன ஒரே அப்பா இந்த ஜில்லாவில் இவராகத்தான் இருப்பார். ஆனால் அந்தத் 'தவறுதலாக' என்ற சொல்லுக்காக அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நாலு தடவை அழித்துவிட்டு அஞ்சாவது தடவை போட்டார்.

அரை மணி நேரத்தில் தட்டுகள் வர ஆரம்பித்தன, நூறு நூறாக. பதில் ஒரு எழுத்தும் இல்லை. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களைப் பார்த்தார், முகம் மாறியது. அத்தனை படத்துக்கும் இன்றைய தேதி. வரிசை எண்ணும் முன்னுக்குப் பின் முரண். மூன்று வருஷத்துச் சாப்பாட்டையும் அவர் மகன் ஒரே நாளில் சாப்பிட்ட மாதிரி போன் எழுதி வைத்திருந்தது.

விவரம் தெரிந்தவன் செய்தது மாமா, வந்த தேதிதானே கணக்கு என்றேன். என்னை முறைத்தார். சரியான வரிசையில் அடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. தேதி உதவாது என்றால் படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படித்தான் தன் மகன் அனுப்பிய படங்களை வைத்திலிங்கம் மாமா முதல் முறையாகப் பார்த்தார்.

பொங்கல் இருந்தால் தை. மாம்பழத் துண்டு இருந்தால் கோடை. ஆரம்பத்தில் வெறும் ரசமும் ஊறுகாயும்தான், இரண்டு பேருக்கும் கஷ்ட காலம் போலிருக்கிறது. அப்புறம் தட்டு மாறியது, தரை மாறியது. மாமா ஒவ்வொன்றாக விரலால் விரித்துப் பெரிதாக்கினார். ஒரு படத்தில் நின்றுவிட்டார். அருணின் தட்டு ஓரத்தில் இன்னொரு தட்டின் விளிம்பு, சின்னது, யானை படம் போட்டது. அடுத்ததிலும் இருந்தது. இன்னொன்றில் அப்பளத்தை எடுக்க ஒரு குட்டிக் கை நீண்டிருந்தது. மணிக்கட்டில் சிவப்பு வளையல்.

"பவானி, இது யாரு?"

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க பேத்தி. ஒன்றரை வயசு இருக்கும். மூஞ்சி வரக் கூடாதுன்னீங்க, அவனும் அனுப்பல. நான் கையைத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

எனக்கும் அன்றுவரை தெரியாது. யாரிடமும் சொல்லாமல் அந்தக் கை வளர்வதைத் தினமும் மத்தியானம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். என் கிண்டலெல்லாம் எனக்கே கசந்தது.

மாமா அந்தப் படத்துக்குப் பெயர் போடத் தொடங்கினார். 'பேத்தி –' என்று அடித்தார். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. பேர் என்ன என்று அக்காவைக் கேட்டார். தெரியாது என்றாள். என்னைப் பார்த்தார். கையை விரித்தேன்.

பிறகு அவர் அருணின் எண்ணைத் தொட்டுக் காதில் வைத்துக்கொண்டார். ஸ்பீக்கரை எப்படிப் போட்டாரோ, மணி அடிப்பது வீடு முழுக்கக் கேட்டது. எடுத்தது ஜோதி மேரி. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"நான் கடலூர் வைத்திலிங்கம் பேசறேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்க மாமா," என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "பாப்பாவுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"