கழற்றக் கூடாத ஒன்று

கோலாலம்பூருக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் போதும், அறிவுரை சொல்ல வரிசைகட்டி வந்துவிடுவார்கள். பையைச் சுவர்ப் பக்கமாக மாட்டு. ரோட்டோரம் நின்று கைப்பேசியைப் பார்க்காதே. மோட்டார் சத்தம் கேட்டால் திரும்பிப் பார். வளையலைக் கழற்று, தோட்டைக் கழற்று. எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வராத எச்சரிக்கையே கிடையாது. ஆனால் வழிப்பறிக்காரன் முதலில் எதைப் பார்ப்பானோ அதைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கு வந்தது. அதனால் நான் பொல்லாதவள்.

சுங்கை ரம்பாயில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் மாமியாரும் பயணத்துக்கு முந்தைய நாள் பத்து பெரண்டாமில் உள்ள என் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். காலையில் நானும் சேர்ந்துகொண்டு பஸ் ஏறுவதாக ஏற்பாடு. இரட்டைக் கோபுரத்தின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தங்கைக்குக் கல்யாணமானதிலிருந்து ஆசை. சாப்பாடு முடிந்ததும் அவளுடைய வளையல், தோடு, மோதிரம் எல்லாவற்றையும் வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாமியாரே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

"அதையும் குடு, சாமி மேடையில வெச்சிட்டுப் போவோம்," என்று தங்கையின் கழுத்தைக் காட்டினேன்.

மாமியார் முகம் சுருங்கிப்போனது. "என்னாம்மா பேசுற? எம் மவன் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கான், அவ எதுக்குக் கழட்டணும்?"

"நானுந்தான் கழட்டி வெச்சிட்டேன் அத்தை. எங்க வீட்டுக்காரருக்கு என்னா ஆயிருச்சு? அங்க பாருங்க, பந்து விளையாட்டுப் பாத்துக்கிட்டு இருக்காரு."

"நீ படிச்சவ, உனக்கு எல்லாம் சரிதான்." குரல் உடைந்தது. "எங் கழுத்துல கழட்டுனது போதும்மா. எம் மருமவ கழட்டி நான் பாக்கணுமா?"

புருஷனைப் பறிகொடுத்த பெண்பிள்ளை அப்படிச் சொன்னதும் தங்கை வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் பாட்டுக்குக் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தங்கைதான், "விடுக்கா, நான் ஷால் போட்டு மூடிக்கிறேன் லா," என்று சமாதானம் செய்தாள்.

மறுநாள் கோபுரத்தடியில் ஆசை தீரப் படம் எடுத்தோம். அதற்குப் பிறகு புடவைக்கடைகள் நிறைந்த தெருவுக்குப் போனோம். மாமியாரும் நானும் கடைவாசலில் பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். தங்கை ஐந்தடியில் நின்றாள். பை சுவர்ப் பக்கம், கைப்பேசி பைக்குள். சொன்னதையெல்லாம் செய்திருந்தாள், பாவம். வெயிலுக்கு ஷால் மட்டும் கொஞ்சம் நழுவியிருந்தது.

மோட்டாரில் வந்தவர்கள் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் எட்டிப் பிடித்து இழுத்தான். மெல்லிய சங்கிலியாக இருந்திருந்தால் அறுந்து அவன் கையோடு போயிருக்கும், இவள் நின்ற இடத்தில் நின்றிருப்பாள். இது மாமியார் தன் மகன் கல்யாணத்துக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த கெட்டிச் சங்கிலி. ஆயுசுக்கும் அறுந்துபோகாது என்று எல்லாரிடமும் அவர் பெருமையடித்துக்கொண்ட சங்கிலி. அது அறுவதற்குள் என் தங்கையைத் தார்ரோட்டில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கூட்டம் கூடியது. "எத்தன பவுன்?" என்றார் ஒருவர். "இவ்ளோ மொத்தமா போட்டுக்கிட்டா வருவாங்க?" என்றது இன்னொரு அம்மா, தன் கழுத்தில் கிடந்ததை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டே. அந்த இரண்டு பேரையும் அறைந்திருப்பேன், தங்கையின் தலை என் மடியில் இல்லாமலிருந்தால்.

மருத்துவமனையில் காறையெலும்பு உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த காயத்துக்குத் தையல் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றார் டாக்டர். மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்று தலையிலடித்துக்கொண்டு அழுதார். என் தங்கைக்காக என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எம் மவனுக்கு என்னா கண்டமோ தெரியலியே! தாலி போயிருச்சே!"

அந்த மகன் பக்கத்திலேயே கோப்பிப் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டு முழுசாக நின்றிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அத்தை, கிழிஞ்சு கெடக்கிறது யாரு கழுத்து? கண்ணத் தொறந்து பாருங்க!" என்று கத்தினேன். அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர் காதில் எதுவும் விழவில்லை. வெறுங்கழுத்தாக ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாதென்று மகனை விரட்டினார். அவரும் ஓடிப்போய்ப் பூக்கடையில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கிக்கொண்டு வந்தார். போலீசில் புகார் கொடுக்கக்கூட அந்தக் கால்கள் அத்தனை வேகமாகப் போகவில்லை. கயிற்றோடு அவர் குனிந்தபோது கட்டு மாற்ற வந்த மலாய் மிஸ்ஸி பதறிக் கையைத் தட்டிவிட்டாள். "ஜாங்கான்! தையல் போட்டிருக்கு, ஒன்றும் படக்கூடாது," என்று மலாயில் திட்டினாள். மாமியார், "ஓரமா சும்மா சுத்தி விடுறோம்மா," என்று அவளிடமும் கெஞ்சினார்.

தங்கை நல்ல கையை நீட்டிக் கயிற்றைக் கேட்டாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருப்பே தாயி," என்றார். அவள் அதை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்காரரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அத்தை உங்க உசுருக்குத்தானே பயப்படுறாங்க?" குரல் கம்மியிருந்தாலும் தெளிவாகக் கேட்டது. "நீங்களே கட்டிக்குங்க. எனக்குக் கழுத்து வலிக்குது."